ரெகுலேற்றரைக் கழற்ற முதல் ரிட்டன் லைனைப் பாருங்கள்

வாகனம்: டொயோட்டா கொரோலா 100, 1994, பெற்றோல், 5ஏ-எஃப்இ எஞ்சின். ஓட்டம் முழுவதும் திருகோணமலை நகரத்துக்குள்ளும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும்தான். பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீற்றர் குட்டி ஓட்டங்கள்.

முறைப்பாடு இது. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் 9க்கு இறங்கிவிட்டது. காலையில் ஸ்ரார்ட் பண்ணியதும் சைலன்சரில் கரும்புகை. சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தால் நாலைந்து தடவை சுற்றிய பிறகே பிடிக்கிறது. சந்தியில் நிற்கும்போது ஐட்லிங் ஏறி இறங்குகிறது. ஒயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெற்றோல் மணம். நாலு பிளக்கும் காய்ந்த கரி பிடித்துக் கறுத்திருந்தன.

கார் வருவதற்கு முன் வேறொரு கராஜில் மாற்றியவை: நாலு பிளக், ஒக்சிசன் சென்சர், பியூவல் பிரஷர் ரெகுலேற்றர் (எஞ்சினுக்குப் போகும் பெற்றோலின் பிரஷரைக் கட்டுப்படுத்துவது). ரெகுலேற்றர் மட்டும் இரண்டு தடவை. முதலில் போட்டது பழைய சாமான் கடையில் எடுத்தது, பிறகு பெட்டியோடு புதிது. இரண்டுக்கும் பிரஷர் கேஜில் ஒரே ரீடிங். ஒரே காரில் இரண்டு ரெகுலேற்றர் ஒரே மாதிரிப் பழுதாவது அரிது. அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டு, ரெகுலேற்றருக்குப் பின்னால் போகிற குழாயை, அதாவது ரிட்டன் லைனை, பார்த்திருக்க வேண்டும்.

பெற்றோல் எவ்வளவு திரும்பிப் போகிறது

இந்த எஞ்சின் ஐட்லிங்கில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர்கூட எரிக்காது. ஆனால் தாங்கிக்குள் இருக்கும் பம்ப் அதே நேரத்தில் 100 லீற்றர் அளவில் தள்ளிக்கொண்டிருக்கும். மிச்சம் எல்லாம் இன்ஜெக்டர் ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பகிரும் குழாயின்) முனையில் இருக்கும் ரெகுலேற்றர் வழியாக ரிட்டன் லைனில் இறங்கித் தாங்கிக்கே திரும்புகிறது. ஆகவே ரிட்டன் லைனில் கூட்டம் அதிகம் இருப்பது ஐட்லிங்கில்தான். அக்சிலேற்றரை மிதித்து எஞ்சின் கூடக் குடிக்கும்போது திரும்புவது கொஞ்சம் குறையும். அடைப்பின் தொல்லை ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் கூடுதலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஹபரணைப் பக்கம் நீளமாக ஓடும்போது கார் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொந்தக்காரர் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது.

ரெகுலேற்றருக்குள் இருப்பவை ஒரு டயபிரம் (மெல்லிய சவ்வு), ஒரு ஸ்பிரிங், ஒரு சிறிய வாசல், அவ்வளவுதான். ரெயிலில் பிரஷர் ஏறினால் டயபிரம் எழும்பி வாசல் திறக்கும். மேலே இருக்கும் வக்கியூம் ஹோஸ் எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மனிபோல்டோடு சேர்ந்திருப்பதால் ஐட்லிங்கில் ரெயில் பிரஷர் ஏறத்தாழ 0.6 பார் இறங்கி நிற்கும். இந்தக் காருக்கு வக்கியூம் ஹோஸ் கழற்றிய நிலையில் 2.7 முதல் 3.0 பார் வரை, அதாவது 38 முதல் 44 பிஎஸ்ஐ வரை வரவேண்டும். ஹோஸ் பூட்டி ஐட்லிங்கில் 2.1 முதல் 2.6 பார் வரை.

ரிட்டன் லைன் கொஞ்சம் அடைத்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. ரெகுலேற்றர் தன் வாசலை இன்னும் கொஞ்சம் கூடத் திறந்து சரிக்கட்டிவிடும். ரெயிலில் மாட்டிய கேஜில் மாற்றமே தெரியாது. அடைப்பு வளர்ந்து வாசல் முழுவதும் திறந்த பிறகும் பெற்றோல் போக வழியில்லாத நிலை வந்தால்தான் முள் ஏறத் தொடங்கும். அப்போதும் முதலில் ஏறுவது ஐட்லிங் ரீடிங்தான், ஏனென்றால் எஞ்சின் கேட்கும் பிரஷர் அங்கேதான் மிகக் குறைவு. அடைப்பு மட்டும் 2.6 பாரை உண்டாக்குகிறது என்று வையுங்கள். வக்கியூம் ஹோஸைக் கழற்றினால் 2.9 வரும், காரின் திருத்தவேலைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. ஹோஸைப் பூட்டினால் 2.3க்கு இறங்க வேண்டியது 2.6இல் நின்றுவிடும். வக்கியூமுக்கு ரெகுலேற்றர் மசியவில்லை, டயபிரம் போய்விட்டது என்று முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். பழுதான ரெகுலேற்றரும் அடைத்த ரிட்டன் லைனும் கேஜில் ஒரே முகத்தைக் காட்டும்.

கேஜ் மாட்ட முதல்

வேலை காலையில் தொடங்கியது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று எழும்பினால் பத்து மணிக்குப் பிறகு திறந்த பெற்றோல் கண்முன்னே ஆவியாகும். ஆவி கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்தில் வெல்டிங் நடக்கிற இடமென்றால் காரைத் தள்ளிக்கொண்டு வெளியே போங்கள். உலர் தூள் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெற்றோல் பிடிக்க மூடியுள்ள தகர ரின் வேண்டும். சோடாப் போத்தல் வேண்டாம்.

பின் சீற்றைத் தூக்கிப் பம்ப் கனெக்டரைக் கழற்றி, எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணித் தானாக நிற்கும்வரை ஓடவிட்டோம். ரெயிலில் இருந்த பிரஷர் இறங்கிவிட்டது. பிறகு பற்றறியின் மைனஸ். அதன் பிறகே ரெயிலுக்குள் பெற்றோல் நுழையும் இடத்திலுள்ள யூனியன் போல்ட்டை 17 ஸ்பானரால், துணி சுற்றிக்கொண்டு, மெதுவாகத் தளர்த்தினோம். துணி எப்படியும் நனையும். அதை வெயிலில் விரித்துக் காயவிடுங்கள், கசக்கி மூலையில் போடாதீர்கள்.

கேஜ் 0 முதல் 7 பார் வரை அளப்பது. யூனியனுக்கு இரண்டு பக்கமும் புதிய வொஷர். பழைய வொஷரைத் திருப்பிப் போட்டால் முதல் தடவை பிடிக்கும், சூடானதும் வியர்க்கும். இறுக்கம் 30 நியூட்டன் மீற்றர் போதும். ரெயில் அலுமினியம், புரி கெட்டால் பிறகு ரெயிலையே தேட வேண்டும்.

பம்ப் கனெக்டரையும் பற்றறியின் மைனஸையும் திரும்பப் பூட்டிய பிறகு, எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட்ட, பொனட்டுக்குள் இருக்கும் டயக்னொசிஸ் பெட்டியில் எஃப்பி, பிளஸ் பி என்ற இரண்டு பின்னையும் வயரால் இணைக்க வேண்டும். சாவி ஓஃபில் இருக்கும்போது வயரைச் செருகி, அதன் பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். சாவி ஒனில் இருக்கும்போது வயரைச் செருகினால் அங்கே ஒரு பொறி பறக்கும். பெற்றோல் லைன் திறந்திருக்கிற பொனட்டுக்குள் அது வேண்டாத வேலை.

முதல் ரீடிங்

எஞ்சின் நிற்கிறது, பம்ப் மட்டும் ஓடுகிறது: 3.7 பார்.
ஐட்லிங், வக்கியூம் ஹோஸ் பூட்டியபடி: 3.6 பார்.
ஐட்லிங், வக்கியூம் ஹோஸ் கழற்றி வாயை அடைத்து: 3.7 பார்.

ரெகுலேற்றரின் வக்கியூம் ஹோஸுக்குள் பெற்றோல் ஈரம் இல்லை. டயபிரம் கிழிந்திருந்தால் அந்த ஹோஸ் நனைந்திருக்கும், எஞ்சினும் அந்த வழியாலேயே பெற்றோலை உறிஞ்சும். அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

இந்த ரீடிங்கில் எவ்வளவு பெற்றோல் கூடப் போகிறது என்று கணக்குப் பார்க்கலாம். ஐட்லிங்கில் இன்ஜெக்டரின் வாய் 0.6 பார் வக்கியூமில் நிற்கிறது. சரியான காரில் இன்ஜெக்டருக்கு இரண்டு பக்கமும் உள்ள வித்தியாசம் 2.3 உடன் 0.6 சேர்த்து 2.9 பார். இந்தக் காரில் 3.6 உடன் 0.6, மொத்தம் 4.2. பெற்றோல் பாய்வது இந்த விகிதத்தின் வர்க்கமூலப்படி. 4.2ஐ 2.9ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 1.2. அதாவது ஒவ்வொரு துளிக்கும் 20 வீதம் கூடுதல். எஞ்சின் சூடேறிய பிறகு ஒக்சிசன் சென்சரைப் பார்த்து ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெற்றோல் அளவைக் குறைக்கும், ஆனால் 20 வீதம் அதற்குக் கழுத்தளவு. சூடேறும்வரை அந்தத் திருத்தமே கிடையாது. ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் பாதி சூடேறுவதிலேயே போய்விடுகிறது. நகரத்துக்குள் செலவு இவ்வளவு கூடியதும் காலையில் புகை வந்ததும் அதனால்தான். புதிய ஒக்சிசன் சென்சருக்கும் அதற்குள் கரி பிடித்திருந்தது.

ஐந்து நிமிடப் பரிசோதனை

ரெகுலேற்றரின் அடியிலிருந்து இறங்கும் ரிட்டன் ஹோஸைக் கழற்றி, அந்த நிப்பிளில் நல்ல ஹோஸ் ஒன்றைச் செருகி அதன் மறுமுனையை ரின்னுக்குள் விட்டோம். கழற்றிய பழைய ஹோஸின் வாய்க்கு ஒரு போல்ட். ரின் 5 லீற்றர், ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மறுபடி பம்ப்.

எஞ்சின் நிற்க: 2.9 பார். ஐட்லிங், வக்கியூம் பூட்டி: 2.3. கழற்றி: 2.9.

ரெகுலேற்றர் நல்லது. முதலில் கழற்றி எறிந்ததும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். ரெயில் தொடங்கி ரெகுலேற்றர் வரை குறை இல்லை, அடைப்பு அதற்குப் பின்னால். ஹோஸைக் கழற்றிய பிறகும் 3.7 நின்றிருந்தால் ரெகுலேற்றர்தான் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ரின்னில் 30 செக்கனில் விழுந்தது 820 மில்லிலீற்றர், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 98 லீற்றர். இதை அளந்து எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. சில கார்களில் பழைய பம்ப் போனதும் மணித்தியாலத்துக்கு 200 லீற்றருக்கு மேல் தள்ளும் ரேசிங் வகைப் பம்பைப் போட்டுவிடுகிறார்கள். அந்த வெள்ளத்தைச் சின்ன ரிட்டன் குழாய் தாங்காது, அடைப்பே இல்லாமல் பிரஷர் ஏறும். அங்கே குழாயைக் கழுவிப் பயனில்லை, பம்பை மாற்ற வேண்டும்.

எந்த இடத்தில்

ரிட்டன் லைன் நாலு துண்டு: ரெகுலேற்றரிலிருந்து பயர்வோல் (எஞ்சின் அறையைக் காரின் உட்புறத்திலிருந்து பிரிக்கும் தகடு) வரை ரப்பர் ஹோஸ், அங்கிருந்து காரின் அடியால் பின் சீற்றடி வரை இரும்புக் குழாய், பிறகு ஒரு வளைந்த ரப்பர் ஹோஸ், கடைசியாகத் தாங்கியின் மேல் நிப்பிள்.

இங்கே பலரும் செய்வது கொம்பிரசரால் ஊதிப் பார்ப்பது. மறுமுனையில் காற்று சீறினால் லைன் கிளியர் என்று பூட்டிவிடுவார்கள். அது பெரிய ஏமாற்று. 98 லீற்றர் ஓட்டத்துக்கு இரண்டரைப் பார் எதிர்ப்பு உண்டாக்க, வழி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் ஓட்டையளவுக்குச் சுருங்க வேண்டும். அந்த ஓட்டையால் காற்று தாராளமாகப் போகும், சத்தமும் நன்றாகக் கேட்கும். இன்னொன்று, வழி 3 மில்லிமீற்றர் ஆகச் சுருங்கினாலும் ரெயில் கேஜில் ஒன்றும் தெரியாது. கேஜில் தெரிகிறது என்றால் குழாய் கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். பெற்றோல் லைனைப் பெற்றோலை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கொம்பிரசரில் ஆபத்தும் உண்டு. 7 பார் காற்று தாங்கிக்குள் போனால் பம்ப் மூடியின் வொஷர் பிதுங்கும். ஊதியே ஆகவேண்டும் என்றால் தாங்கி மூடியைத் திறந்து, ரயர் அடிக்கும் கால் பம்பால் அரைப் பாருக்குள்.

நாங்கள் செய்தது ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து ரின் வைத்து ரெயில் கேஜைப் பார்த்தது. முன் ஹோஸைப் பழையபடி பூட்டி, கார் நாலு ஸ்ராண்டில் ஏறியது, ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கவில்லை. பின்னால் வளைந்த ரப்பர் ஹோஸை இரும்புக் குழாயிலிருந்து கழற்றி, குழாயின் வாயை ரின்னுக்குள் விட்டோம்.

எஞ்சின் நிற்க: 2.9 பார்.

புத்தக அளவு. அப்படியானால் பழுது கழற்றிய அந்த வளைந்த ஹோஸில், அல்லது அதற்குப் பின்னால் தாங்கியில். ஹோஸை முழுவதும் எடுத்துப் பார்த்தால் வெளியே ஒரு வெடிப்பும் இல்லை, அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. எழுத்துக்களும் இல்லை, அதுதான் முதல் அடையாளம். பெற்றோல் ஹோஸ் என்றால் மேலே அதன் தரம் அச்சடித்திருக்கும். இது அடிக்கணக்கில் வெட்டிக் கொடுக்கும் காற்று ஹோஸ்.

பிளேட்டால் நீளமாகக் கீறி விரித்தபோது உள் ரப்பர் பெற்றோல் குடித்து ஊதி, சுவரைவிட்டு நாலு சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கழன்று, நாக்கு மாதிரி மடிந்து கிடந்தது. எஞ்சின் பக்கமிருந்து பெற்றோல் வந்தால் நாக்கு எழும்பி வழியை அடைக்கும். தாங்கிப் பக்கமிருந்து ஊதினால் படுத்துவிடும். பின்னாலிருந்து முன்னுக்கு ஊதிப் பார்த்த எவருக்கும் இந்த ஹோஸ் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும்.

தாங்கி நிப்பிளில் ஒரு தனி ஹோஸைச் செருகிப் புனல் வைத்து அரை லீற்றர் ஊற்றினோம். தடையில்லாமல் இறங்கியது.

இதோடு முடியவில்லை

புதிய ஹோஸ் பூட்டி எல்லாவற்றையும் சேர்த்த பிறகு, எஞ்சின் நிற்க 2.9 பார். இந்த இடத்தில் காரைக் கொடுத்து அனுப்பிவிடலாம் போலத்தான் இருக்கும். ஐட்லிங்கில் வக்கியூம் ஹோஸ் பூட்டியபடி பார்த்தபோது முள் 2.6இல் நின்றது. மேலெல்லை 2.6 என்பதால் புத்தகப்படி அதுவும் சரி. ஆனால் ரின்னுக்குள் விட்டபோது இதே ரெகுலேற்றர் 2.3 காட்டியது. வக்கியூமைக் கழற்றிப் பூட்டினால் முள் 0.6 அசைய வேண்டிய இடத்தில் 0.3தான் அசைகிறது. லைனில் இன்னொரு அடைப்பு ஒளிந்திருக்கிறது.

இதை உறுதிப்படுத்த ரிட்டன் ஹோஸில், ரெகுலேற்றரை ஒட்டி, ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு இன்னொரு கேஜ் மாட்டினோம். உண்மையில் இந்த வேலையை முதலிலேயே செய்திருக்கலாம். ரெயில் கேஜ் மறைக்கிறதை இது மறைக்காது. நல்ல லைனில் இந்த இடத்தில் 0.3 பாருக்குள்தான் இருக்க வேண்டும். காட்டியது 2.4.

முன் ரப்பர் ஹோஸுக்குப் பதில் நல்ல ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டும் 2.4 மாறவில்லை. மிஞ்சியது இரும்புக் குழாய். காரின் அடியில் சப்ளை, ரிட்டன், ஆவிக் குழாய் மூன்றும் பக்கத்துப் பக்கமாக ஓடுகின்றன. மண்ணும் பழைய அடிப்பூச்சும் மூடியிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு விரலால் தடவிக்கொண்டு போனோம். வலது பின் ரயருக்குச் சற்று முன்னால், பிளாஸ்ரிக் கிளிப் இல்லாத ஓரிடத்தில், ரிட்டன் குழாய் தட்டையாகியிருந்தது. ட்ரொலி ஜக்கின் தலை அமர்ந்த அடையாளம் தகட்டில் வட்டமாகத் தெரிந்தது. வேர்ணியரில் குழாயின் கனம் 1.7 மில்லிமீற்றர். இரண்டு சுவரும் சேர்ந்து 1.4. பெற்றோலுக்கு விட்டுவைத்தது 0.3 மில்லிமீற்றர் கீற்று.

வெட்டியெடுத்துத் தட்டியபோது கீற்றின் முன்பக்கத்தில் காய்ந்த தேயிலைத் தூள் மாதிரித் துருச் செதில்கள் கொட்டின. அமுங்கியது எப்போதோ நடந்திருக்கலாம், அந்த நாளிலேயே தொல்லை கொடுத்திருக்காது. துரு ஒவ்வொன்றாக வந்து கீற்றில் சிக்கச் சிக்கத்தான் பிரஷர் ஏறியிருக்கிறது.

துரு எங்கிருந்து என்று யோசிக்க வேண்டியதில்லை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் எத்தனையோ கார்கள் கால்வாசித் தாங்கி பெற்றோலோடு முற்றத்தில் கிடந்தன. பெற்றோல் குறைந்த தாங்கியின் மேற்பகுதியில் இரவுக் குளிருக்கு நீர் கோர்க்கும். அந்த நேரம் கலனில் சேமித்த பெற்றோலோடு தண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது. வெளியே உப்புக் காற்று, மார்கழியில் வாடை. சீனக்குடாவில் அத்தனை பெரிய எண்ணெய்த் தாங்கிகளே துருவேறி நிற்கிற ஊரில் ஒரு காரின் ஆறு மில்லிமீற்றர்க் குழாய் எம்மட்டு? 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் முப்பது வயதுக் கார்களை இன்னும் ஓட்டுகிறோம், அவற்றின் அடிக்குழாய்களை மட்டும் எவரும் பார்ப்பதில்லை.

பூட்டியது

அமுங்கிய இடத்துக்கு இரண்டு பக்கமும் நல்ல இரும்பு தெரியும்வரை, மொத்தம் 40 சென்ரிமீற்றர், குழாய் வெட்டும் கருவியால் வெட்டினோம். அரம் வாள் வேண்டாம், தூள் உள்ளே போகும். மிஞ்சிய குழாயின் இரண்டு பாதியையும் தனித்தனியாக மண்ணெண்ணெய் ஊற்றி, கால் பம்பால் ஊதி, வெள்ளைத் துணியில் துரு வராதவரை கழுவினோம். ஐந்து தடவை ஆனது.

புதிய துண்டு செம்பு-நிக்கல் கலப்புக் குழாய், பிரேக் லைனுக்கு விற்பது, வெளி விட்டம் பழைய குழாய் அளவே. வெறும் செம்புக் குழாய் மலிவு, ஆனால் அதிர்வில் இறுகி வெடிக்கும், பெற்றோலையும் கெடுக்கும். நாலு முனையிலும் பிளேரிங் கருவியின் (குழாய் வாயை விரிக்கும் கருவி) முதல் அமுக்கு மட்டும் கொடுத்துச் சின்ன வரம்பு எழுப்பினோம். வரம்பில்லாத முனையில் ஹோஸ் என்றைக்காவது வழுக்கும். இணைப்புக்கு 60 மில்லிமீற்றர் ஹோஸ் துண்டுகள், ஒவ்வொரு பக்கமும் 25 மில்லிமீற்றர் ஏறும்படி. கிளிப் வரம்புக்கு உள்பக்கம் அமர வேண்டும், வரம்பின் மேல் அல்ல.

ஹோஸ் எல்லாம் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று பெற்றோல் ஹோஸுக்கான தரக் குறி அச்சடித்தது. ரிட்டனில் பிரஷர் குறைவு, ஆர்7 போதும் என்று வாதிடலாம். வித்தியாசம் உள் ரப்பரில்தான், ஆர்9இன் உட்சுவர் பெற்றோலில் ஊதாது. இந்தக் காரில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த மிச்சம் பிடிப்பு வேண்டாம். தாங்கிக்குள் பம்போடு மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்கு ஆர்9உம் சரிவராது, அதற்கு ஆர்10 என்று தனியாக இருக்கிறது. கிளிப் விளிம்பு உருண்ட இன்ஜெக்ஷன் வகை. துளை போட்ட பட்டிக் கிளிப் ரப்பரை வெட்டும்.

பயர்வோலில் ஹோஸைப் பூட்டும்போது ஒரு கவனம். ரிட்டன் குழாயும் கரிக் கனிஸ்ரருக்கு (பெற்றோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி) போகும் ஆவிக் குழாயும் ஒரே பருமன், பக்கத்தில் பக்கத்தில். மாறிப் பூட்டினால் பெற்றோல் கனிஸ்ரரை நிரப்பும். ஹோஸைக் கழற்றும் முன்பே வெள்ளை நூல் ஒன்று கட்டி வைத்தால் போதும். கனிஸ்ரரைக் கையில் தூக்கிப் பாரமாக இருந்தால், முன்பு எவரோ மாறிப் பூட்டியிருக்கிறார்கள்.

பூட்டிய பிறகு

எஞ்சின் நிற்க 2.9 பார். ஐட்லிங் 2.3. வக்கியூம் கழற்ற 2.9. டீயில் மாட்டிய கேஜ் 0.1. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து ரெயிலில் 2.1 நின்றது. 1.5க்கு மேல் நின்றால் பம்பின் வால்வும் இன்ஜெக்டர்களும் நல்லவை.

டீயைக் கழற்றி முழு ஹோஸ் போட்டோம். டீயை அப்படியே விட்டு ஒரு வாயை அடைத்து வைப்பது சோம்பேறித்தனம், நாளைக்குக் கசிவது அங்கேதான். ஈஎஃப்ஐ பியூஸை ஒரு நிமிடம் கழற்றி ஈசியூ படித்து வைத்த பழைய திருத்தங்களை அழித்தோம். பெற்றோல் கலந்த ஒயில் மெல்லியதாகிப் பெயரிங்கைத் தின்னும் என்பதால் ஒயிலும் பில்டரும் மாற்றம், ஏறத்தாழ 3 லீற்றர். பிளக் நாலும் தூரிகையால் சுத்தம் பண்ணித் திரும்பப் போட்டவை. ஒக்சிசன் சென்சரைக் கழற்றவில்லை, சரியான கலவையில் நீளமாக ஓடினால் கரி எரிந்துபோகும்.

தாங்கியை வாய்வரை நிரப்பி, கந்தளாய் போய்த் திரும்பி, அதே பம்பில் மறுபடி வாய்வரை: 80 கிலோமீற்றருக்கு 6.3 லீற்றர். நெடுஞ்சாலை ஓட்டம் என்பதால் இதை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு கிழமை நகரத்துக்குள் ஓடிய பிறகு அளந்தது லீற்றருக்கு 11.8. காலைப் புகை இல்லை. கிளிப்புகளை 100 கிலோமீற்றரில் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தோம், முன் ஹோஸில் ஒன்று மட்டும் அரைச் சுற்று வாங்கியது.

டீசல் கொரோலா, ஹைஏஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அங்கே இந்தப் பரிசோதனை பொருந்தாது. ஆனால் டீசல் பம்பிலிருந்து திரும்பும் குழாயைப் பிடிக்கும் போல்ட்டில் அவுட் என்று பொறித்திருக்கும், அதற்குள் ஊசித் துளை ஒன்று உண்டு. உள்ளே வரும் பக்கத்துப் போல்ட்டோடு அது மாறினால் அடைப்பு, காற்று, டைமிங் என்று எல்லாச் சந்தேகமும் ஒன்றாக வரும்.

கார் போகும் முன் செய்த கடைசி வேலை: பக்கத்து ஓர மடிப்பில் ஜக் வைப்பதற்கென்று இருக்கும் வெட்டுக்குறிகள் நாலுக்கும் மஞ்சள் பெயின்ற் அடித்தோம். ரயர் மாற்றுகிறவர் எவராக இருந்தாலும் ஜக்கை அங்கே வைக்கட்டும்.